மும்மருந்துக் கூட்டும் மருந்தரசியலும்
கடும் உயர் குருதியமுக்கச் சிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கிழக்கிலே கடலும் மேற்கிலே நெல்வயலுமாக அமைந்த சாய்ந்தமருதுவிலும், அதன் வடக்கேயுள்ள கல்முனையிலும், தெற்கேயுள்ள காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களிலும் 'பிறசர்' என்ற சொல் அறியாதார் இன்று இல்லை. கடற்றொழிலாளர், வயற்காரர், வணிகர், ஆசிரியர் எனப் பல்வேறு வாழ்நிலைகளைச் சேர்ந்தோரும் மாதாந்தக் கிளினிக்கின் வாங்கில் அருகருகே அமர்ந்திருப்பதைக் காணலாம். உயர் குருதியமுக்கம் எனப் பாடநூல்களிற் குறிக்கப்பெறும் இந்நோய் வலியற்றது. நோயாளியை அது எச்சரிப்பதில்லை. மேலளவு 180, கீழளவு 110 என்னும் எல்லைகளைத் தாண்டிய ஒருவர் வழக்கம்போல் வள்ளந்தள்ளலாம், கதிரறுக்கலாம், தொழுகைக்குச் சென்று வரலாம். ஒரு நாட் காலையிற் பாரிசவாதம் அவரை வீழ்த்தும்போதுதான், நெடுங்காலமாக உள்ளே நடந்துகொண்டிருந்த அழிவு குடும்பத்தாருக்குத் தெரியவருகிறது.

இவ்வாறான கடும் உயர் குருதியமுக்கத்தை மருந்துகளாற் கட்டுப்படுத்தலாம் என்பதும், அங்ஙனம் கட்டுப்படுத்துவது உயிரைக் காக்கும் என்பதும் 1967இலேயே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டன. அவ்வாறு நிறுவப்பட்டது தனியொரு மருந்தினால் அன்று. மூன்று மருந்துகளின் கூட்டினாலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. அம்மூன்றனுள் ஒன்று நமது உபகண்டத்து வேரொன்றிலிருந்து பிறந்தது. அரைநூற்றாண்டின் பின்னர், 2018இல், மும்மருந்துக் கூட்டொன்றின் பயன் மீண்டும் ஒருமுறை சோதித்துக் காட்டப்பட்டபோது, அச்சோதனைக்கு உடன்பட்டோர் இலங்கையின் நோயாளரேயாவர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையில், கூட்டு மருந்துகளைச் சந்தேகத்தோடு நோக்கிய ஒரு முற்போக்கு மருந்துக் கொள்கையும் இந்நாட்டில் உருவாகி, உலகுக்கு வழிகாட்டியது. மேலோட்டமாக நோக்குமிடத்து முரண்பட்டனவாகத் தோன்றும் இம்மூன்று நிகழ்ச்சிகளையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மருந்தில்லாக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவ உலகிற் கணிசமானோர் உயர் குருதியமுக்கத்தை ஒரு நோயாகவே கருதவில்லை. தடித்துப்போன நாடிகளினூடாகக் குருதியைச் செலுத்துவதற்கு உடல் தானாக மேற்கொள்ளும் ஏற்பாடே அது என்றும், அதனைக் குறைத்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் குருதி போதாமற் போகும் என்றும் அவர்கள் வாதிட்டனர். செய்யத்தக்கது எதுவும் இல்லாத நிலையில், செய்யாதிருப்பதே நல்லது என்னும் கோட்பாடு தோன்றுவது இயல்பே.

ஆயினும் நோயாளரின் முடிவு வேறு செய்தியைச் சொல்லிற்று. 1939இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் என்னும் மூவரும் விழித்திரையிற் காணப்படும் மாற்றங்களைக் கொண்டு நோயாளரை நான்கு தொகுதிகளாக வகுத்தனர். நான்காந் தொகுதியினர், அதாவது விழித்திரையில் இரத்தக்கசிவும் பார்வை நரம்பு முனையில் வீக்கமும் கண்டோர், பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். அக்காலத்துப் புற்றுநோய்கள் பலவற்றிலும் பார்க்கக் கொடியதொரு விளைவு இது.

சிகிச்சை என்று கைவசமிருந்தவை இரண்டு. ஒன்று, முதுகெலும்பின் இருமருங்குமுள்ள பரிவு நரம்புத் தொடரை வெட்டியகற்றும் பெருஞ் சத்திரசிகிச்சை. மற்றது, வோல்ட்டர் கெம்ப்னர் என்பார் 1940களில் டியூக் பல்கலைக்கழகத்தில் அறிமுகப்படுத்திய, சோறும் பழமும் மட்டுமே கொண்ட, உப்பேயில்லாத உணவு முறை. சோற்றை மூலவுணவாகக் கொண்ட நம்மவர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். கெம்ப்னரின் முறையிற் பயன் தந்தது சோற்றின் மகிமையைவிட உப்பின் இன்மையே எனலாம். கருவாடும் ஊறுகாயும் உப்பிட்ட கறியும் சேர்ந்த நம் தட்டு வேறொன்று. கெம்ப்னரின் கடுமையான விதியைப் பின்பற்ற முடிந்தோரோ மிகச் சிலர்.

அதிகாரத்தின் உச்சியிலிருந்தோரையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க சனாதிபதி பிராங்கிளின் ரூசவெல்ட் 1945 ஏப்பிரல் 12இல் மூளை இரத்தப்பெருக்கினால் மரணமடைந்தார். அவ்வேளை அவரது குருதியமுக்கம் 300/190 எனப் பதியப்பட்டது. அன்றைய உலகின் பெருவல்லரசொன்றின் தலைவருக்கும், அதே காலத்திற் கல்முனைக் கரையிற் பாரிசவாதத்தில் வீழ்ந்த ஒரு கடற்றொழிலாளிக்கும் மருத்துவம் அளிக்கக் கூடியது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே இவ்விருவருக்குமிடையில் இடைவெளி தோன்றலாயிற்று என்பது வரலாற்றின் முரண்நகை.

2. ஒரு வேரின் பயணம்

தமிழில் சிவன் அமல்பொடி என்றும் வடமொழியில் சர்ப்பகந்தா என்றும் வழங்கும் சிறு செடியின் வேர், நம் உபகண்டத்து மரபு வைத்தியத்திற் பாம்புக்கடி, உன்மத்தம், உறக்கமின்மை ஆகியவற்றுக்கு நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. இலங்கைக் காடுகளிலும் இச்செடி உண்டு. சிங்களத்தில் இதனை ஏக்கவெரிய என்பர்.

யூனானி மருத்துவத்தின் புத்துயிர்ப்புக்கு உழைத்தவரும் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவருமான ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927), மரபு மருந்துகள் நவீன இரசாயன ஆய்வுக்கு உட்படுத்தப்படவேண்டும் என்று கருதினார். அவரது ஊக்கத்தால் டில்லித் திப்பியாக் கல்லூரியில் ஆய்வு மேற்கொண்ட சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, 1931இல் இவ்வேரிலிருந்து பல காரப்போலிகளைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம் ஆதரவாளரின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டிற் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் ஆகிய இருவரும், இவ்வேரின் தூள் உன்மத்தத்தைத் தணிப்பதோடு குருதியமுக்கத்தையும் குறைக்கிறது என எழுதினர். இவ்வுண்மைகள் உபகண்டத்துச் சஞ்சிகைகளில் வெளிவந்தமையாற்போலும், மேனாட்டார் கவனத்தை நெடுநாள் ஈர்க்கவில்லை.

1949இல் பம்பாயின் இருதய வைத்தியரான ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளரில் இவ்வேரைப் பரிசோதித்துக் கண்ட முடிவுகளைப் பிரித்தானிய இருதயச் சஞ்சிகையில் வெளியிட்டார். நிலைமை உடனே மாறிற்று. 1952இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சீபா நிறுவனத்தின் ஆய்வாளர் அவ்வேரின் முதன்மையான சத்தைப் பிரித்தெடுத்து றெசர்ப்பின் எனப் பெயரிட்டனர். வேர் நம்முடையது, அதன் குணமறிந்தோர் நம்மவர், விற்பனைக்குரிய குளிசையும் அதன் வருவாயும் பாசலுக்குரியன. காலனித்துவம் முடிந்த பின்னரும் காலனித்துவப் பொருளாதாரம் தொடர்ந்தமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு மருந்து வரலாற்றில் அரிது.

எனினும் றெசர்ப்பின் தனித்து நின்று கடும் நோயை வென்றுவிடவில்லை. அதன் அளவைக் கூட்டும்போது மூக்கடைப்பு, சோர்வு, மனத்தளர்ச்சி என்பன தோன்றின. சிலர் ஆழ்ந்த துயருக்குள்ளாயினர். இவ்விடத்திலேயே கூட்டுச் சிகிச்சையின் தேவை எழுகின்றது.

3. மூன்றின் கூட்டு

குருதியமுக்கம் ஒரே காரணத்தால் நிலைபெறுவதன்று. இருதயம் குருதியைத் தள்ளும் வேகம், சிறுநாடிகளின் இறுக்கம், சிறுநீரகம் தேக்கிவைக்கும் உப்பும் நீரும், நரம்புகளின் தூண்டல் எனப் பல காரணிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஏர்வின் பேஜ் 1949இல் இதனைப் பல துண்டுகளாலான ஓவியத்துக்கு ஒப்பிட்டார். ஒரு காரணியை மட்டும் மருந்தினால் அடக்கினால் ஏனையவை அதனை ஈடுசெய்ய முற்படும்.

1950களின் தொடக்கத்தில் வந்த ஐதரலசின் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். அது சிறுநாடிகளைத் தளர்த்தும். உடனே நரம்புத் தொகுதி விழித்தெழுந்து இருதயத் துடிப்பை விரைவாக்கும். சிறுநீரகமோ உப்பையும் நீரையும் இறுகப் பற்றிக்கொள்ளும். சில நாட்களில் அமுக்கம் பழைய நிலையை நாடும். 1950களின் இறுதியில், மேர்க் நிறுவன ஆய்வுகூடத்திலிருந்து குளோரோதையசைட் என்னும் சிறுநீர்பெருக்கியும், அதனைத் தொடர்ந்து ஐதரோகுளோரோதையசைட்டும் வந்தன. இவை உப்பையும் நீரையும் வெளியேற்றின. றெசர்ப்பின் நரம்புத் தூண்டலைத் தணித்து இருதயத்தின் விரைவை மட்டுப்படுத்திற்று. ஆக, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப, ஒவ்வொன்றும் சிற்றளவிலேயே போதுமாயிற்று, பக்கவிளைவுகளும் குறைந்தன.

இம்மூன்றையும் சேர்த்தே வாஷிங்டனைச் சேர்ந்த எட்வேட் பிறைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாட் படையினர் வைத்தியசாலைகளில் அப்பெருஞ் சோதனை நிகழ்ந்தது. கீழளவு 115 முதல் 129 வரையிருந்த 143 ஆண்கள் அதிற் சேர்க்கப்பட்டனர். 73 பேர் மும்மருந்தையும், 70 பேர் மருந்தற்ற வெற்றுக் குளிசைகளையும் பெற்றனர். சராசரியாக இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தில், வெற்றுக் குளிசை பெற்றோரில் 27 பேருக்குப் பாரதூரமான விளைவுகள் நேர்ந்தன; நால்வர் மரணமாயினர். மும்மருந்து பெற்றோரிற் பாதிப்புற்றோர் இருவரே, இறந்தார் எவருமிலர். 1967இல் இம்முடிவு வெளியானது. 1970இல் வெளியான இரண்டாம் பகுதி, கீழளவு 90 முதல் 114 வரையிருந்த 380 பேரைப் பற்றியது. அதில் வெற்றுக் குளிசை பெற்றோரில் 20 பேரும், மருந்து பெற்றோரில் 5 பேரும் பாரிசவாதத்துக்கு ஆளாயினர்.

அமுக்கத்தைக் குறைப்பது ஆபத்தென்ற பழைய வாதம் இத்துடன் வீழ்ந்தது. ஆயினும் இச்சோதனையின் ஓர் ஏற்பாட்டினை நாம் கவனியாது விடலாகாது. குளிசையை ஒழுங்காக விழுங்குவோர் யாரெனக் கண்டறிய, சிறுநீரில் ஒளிரும் உயிர்ச்சத்தொன்று ஆரம்பக் குளிசைகளிற் சேர்க்கப்பட்டது. எஞ்சிய குளிசைகளும் எண்ணப்பட்டன. ஒழுங்கற்றோர் சோதனைக்கு முன்னரே விலக்கப்பட்டனர். விஞ்ஞான நோக்கில் இது நியாயமே. ஆனால் ஒரு சமூகம் தன் மக்களை இவ்வாறு விலக்கிவைக்க முடியாது. காலையில் ஒன்று, பகலில் ஒன்று, இரவில் ஒன்று என வெவ்வேறு நிறக் குளிசைகளை ஆயுட்காலம் முழுவதும் நினைவில் வைத்து விழுங்க இயலாதோரே எங்கும் பெரும்பான்மையினர். 1967இன் வெற்றி விடுத்துச் சென்ற வினா இதுவே.

4. பிபிலேயும் கூட்டு மருந்துகளும்

மேற்கூறிய மூன்றையும் ஒரே குளிசையாக்கினால் இவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடும் எனத் தோன்றலாம். அதனை முதலிற் செய்தவர்கள் மருந்துக் கம்பனிகளே. றெசர்ப்பின் வகையும் ஐதரலசின் வகையும் சிறுநீர்பெருக்கியும் ஒன்றுசேர்ந்த சீபாவின் குளிசை, அடெல்பேன்-எசிட்றெக்ஸ் என்னும் பெயரில் உபகண்டத்திற் பல தசாப்தங்கள் விற்பனையாயிற்று. அதேவேளை, இருமலுக்கும் காய்ச்சலுக்கும் சோர்வுக்கும் எனப் பொருத்தமற்ற பொருள்களைக் கலந்து, கவர்ச்சியான பெயர்களைச் சூட்டி, பன்மடங்கு விலைக்கு விற்கும் வழக்கமும் பெருகிற்று. இன்ன மருந்து இவ்வளவு விலை என்று ஒப்பிடமுடியாதபடி மறைப்பதற்குக் கலவை ஒரு திரையாகவும் பயன்பட்டது.

இத்திரையைக் கிழிக்க முற்பட்டவருள் முதன்மையானவர் பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977). இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரி இயக்கத்தவருமான அவர், மருத்துவ மாணவர்க்கு வியாபாரப் பெயரை விடுத்து மருந்தின் இயற்பெயரைக் கற்பித்தார். 1971இல் அவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இணைந்து அரசுக்கு அளித்த அறிக்கையின் வழியே, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கிற்று. பிபிலே அதன் முதல் தலைவராயினார். நாட்டிற் புழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திர முறையில் இயற்பெயரில் மருந்து கொள்வனவு செய்யப்பட்டது. பல்தேசியக் கம்பனிகளின் எதிர்ப்பும் கடுமையாக இருந்தது.

பிபிலே 1977 செப்தெம்பரிற் கயானா நாட்டில், ஐக்கிய நாடுகள் நிறுவனமொன்றின் பணியிலிருந்தபோது காலமானார். அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. ஒற்றை மருந்துகளையே அப்பட்டியல் பெரிதும் ஏற்றது. தனித்தனியே கொடுப்பதிலும் மேலான பயன் நிறுவப்பட்டாலன்றிக் கூட்டு மருந்து ஏற்கத்தக்கதன்று என்பது அதன் விதி. இந்தியாவில் 1975இன் ஹாத்தி குழு அறிக்கையும் மருந்துத் துறையிற் பல்தேசியக் கம்பனிகளின் ஆதிக்கத்தைக் கண்டித்தது. ஆயினும் அங்கு கலவைகள் பெருகியே வந்தன. 2016 மார்ச்சில் இந்திய அரசு 344 நிலையளவுக் கூட்டு மருந்துகளை ஒரே அறிவித்தலில் தடை செய்யவேண்டிய நிலைக்கு அது இட்டுச்சென்றது.

ஆகவே கூட்டு மருந்தைக் கண்டால் ஐயுறவு கொள்வது முற்போக்கு மருந்துச் சிந்தனையின் ஒரு பண்பாகவே வளர்ந்தது. அதற்குரிய நியாயங்கள் வலுவானவை. எனினும், அவ்வையத்தின் உள்ளீடு யாது என்பதை மறந்து அதன் புறவடிவத்தை மட்டும் பற்றிக்கொண்டால், நல்ல கொள்கையும் சடங்காகிவிடும்.

5. மீண்டும் மும்மருந்து: இலங்கைச் சோதனை

1970களின் பின் புதிய மருந்து வகைகள் பல வந்தன. நாடித் தசைகளுட் கல்சியம் புகுவதைத் தடுக்கும் அம்லோடிப்பின் போன்றவையும், சிறுநீரகத்திலிருந்து எழும் இறுக்கத் தூண்டலைத் தடுக்கும் எனலாப்ரில், லொசாட்டான், டெல்மிசாட்டான் போன்றவையும் அவற்றுள் முக்கியமானவை. மூன்றாவதாகச் சிறுநீர்பெருக்கி நிலைத்து நின்றது. மருந்துகள் மாறினும், வெவ்வேறு வழிகளில் இயங்கும் மூன்றைச் சேர்க்கும் பழைய தருக்கம் மாறவில்லை.

2003இல் இலண்டனைச் சேர்ந்த லோ, வால்ட் முதலியோர் 354 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, மூன்று மருந்துகளை ஒவ்வொன்றும் பாதியளவிற் கொடுத்தால் அமுக்கம் பெரிதும் குறைய, பக்கவிளைவுகள் சிறிதளவே தோன்றும் எனக் காட்டினர். 2009இல் வெளியான அவர்களது மற்றொரு தொகுப்பாய்வு, ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பதிலும் பார்க்க வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு பயன் தரும் என்றது. வழக்கமான சிகிச்சை முறையோ இதற்கு மாறானது: ஒரு குளிசையில் தொடங்கு, மாதங்கள் கழித்து அளவைக் கூட்டு, பின்னும் குறையாவிடின் இன்னொன்றைச் சேர். இப்படிமுறையின் ஒவ்வொரு படியிலும் நோயாளர் சிலர் நின்றுவிடுவர். வைத்தியரும் நெரிசல் மிகுந்த கிளினிக்கில் முன்னைய துண்டையே மீண்டும் எழுதிவிடுவது வழக்கமாகும்.

இந்நிலையில் 2016 முதல் 2017 வரை இலங்கையின் நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகள் 11இல், மென்மையானதும் நடுத்தரமானதுமான உயர் குருதியமுக்கமுடைய 700 பேரிடம் ஒரு சோதனை நிகழ்ந்தது. டெல்மிசாட்டான் 20 மில்லிகிராம், அம்லோடிப்பின் 2.5 மில்லிகிராம், குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம் ஆகிய மூன்றும் கொண்ட ஒரே குளிசையைத் தொடக்கத்திலேயே ஒரு பகுதியினர் பெற்றனர். மற்றவர் வழக்கமான சிகிச்சையைப் பெற்றனர். ஆறு மாதங்களின் பின் இலக்கை எய்தியோர் முதற் பகுதியில் 70 வீதம். மற்றதில் 55 வீதம். பக்கவிளைவு காரணமாகச் சிகிச்சையைக் கைவிட்டோரின் வீதம் இரு பகுதியிலும் ஏறத்தாழ ஒன்றே. களனிப் பல்கலைக்கழகத்தாரும் அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் நிறுவனத்தாரும் இணைந்து நடத்திய இச்சோதனை 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. கடும் நோயுடையோரை அது நேரடியாக ஆராயவில்லை. எனினும், மென்மையான நோயிற்கூட ஒரு மருந்து போதாதெனின் கடும் நோயிற் படிப்படியாகக் காத்திருப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை அது உணர்த்துகிறது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இரு மருந்துகள் சேர்ந்த நான்கு குளிசைகளை அத்தியாவசியப் பட்டியலிற் சேர்த்தது. 2021இல் வெளியான அதன் வழிகாட்டி, சிகிச்சையின் தொடக்கத்திலேயே கூட்டு மருந்தை, இயலுமாயின் ஒரே குளிசையாக, பரிந்துரைத்தது. 1977இல் விதிக்கப்பட்ட நிபந்தனையை நாற்பதாண்டுச் சான்று நிறைவேற்றிற்று எனலாம். பிபிலே மரபின் உள்ளீடு குளிசையில் எத்தனை மருந்து என்ற எண்ணிக்கையைப் பற்றியதன்று. எச்சான்றின் பேரில், யாருடைய தேவைக்காக, என்ன விலையில் என்பனவே அம்மரபு கேட்ட கேள்விகள். இக்கேள்விகளை எதிர்கொண்டு தேறிய கூட்டு மருந்தை ஏற்பதும் அம்மரபுக்குரிய செயலேயாம்.

தேறாத கூட்டுகளும் உண்டு. 2008இல் வெளியான ஒரு பன்னாட்டுச் சோதனையில், ஒரே பாதையிற் செயற்படும் றாமிப்ரில், டெல்மிசாட்டான் என்ற இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 25,000க்கு மேற்பட்டோர் பங்குபற்றிய அச்சோதனையில் கூட்டினால் மேலதிக நன்மை கிட்டவில்லை. சிறுநீரகப் பாதிப்பே கூடிற்று. கூட்டுவதால் மட்டும் நலம் விளைவதில்லை. கூட்டுறும் மருந்துகள் ஒன்றுக்கொன்று துணையாகும் இயல்பினவாதல் வேண்டும்.

விலை பற்றிய கேள்வி இன்னும் விடைபெறவில்லை. டெல்மிசாட்டான், அம்லோடிப்பின், இன்டபமைட் என்னும் மூன்றும் சேர்ந்த குளிசையொன்றுக்கு 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அதற்கு ஆதாரமான சோதனைகளில் ஏனைய நாட்டவருடன் இலங்கை நோயாளரும் பங்குகொண்டனர். மூன்றும் பழைய மருந்துகள். தனித்தனியே காப்புரிமைக் காலம் கடந்தவை. அவற்றைச் சேர்த்த குளிசை ஒரு தனியார் நிறுவனத்தின் புதிய விற்பனைப் பொருளாக வருகிறது. 1950களிற் சிவன் அமல்பொடி வேருக்கு நேர்ந்தது இப்போது நோயாளரின் பங்களிப்புக்கு நேரவிடுவதா என்பதே நம் முன்னுள்ள வினா. சோதனைக்கு உடலைத் தந்த மக்கள் அதன் பயனை இயற்பெயரில், அரச வைத்தியசாலையில், இலவசமாகப் பெறுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும், பிபிலே அமைத்த கூட்டுத்தாபனமும் அதற்குரிய கருவிகளாக உள்ளன.

6. கரையோரத்து நிலை

இவ்வரலாற்றை மீண்டும் சாய்ந்தமருதுக் கரையில் நிறுத்தி நோக்குவோம். ஊரில் ஓர் அரச வைத்தியசாலை உண்டு. அயலிலே கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள. வைத்தியரும் மருந்தும் முற்றாக இல்லாத நாடுகளோடு ஒப்பிடின் இது பெரும்பேறு. எனினும் கூட்டுச் சிகிச்சை பயன் தருவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, தொடர்ச்சி. மூன்று மருந்தில் ஒன்று கிடைக்காவிடின் எஞ்சிய இரண்டின் சமநிலையும் குலையும். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் அருகின. நோயாளர் துண்டை எடுத்துக்கொண்டு தனியார் மருந்தகத்துக்குச் செல்ல நேர்ந்தது. நாட்கூலிக்காரர் மூன்று குளிசையில் ஒன்றை மட்டும் வாங்குவார்; அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவார். 2004 திசெம்பர் 26இன் கடற்பேரலை இக்கரையை அழித்தபோது, உயிர் தப்பிய நீண்டகால நோயாளருக்கு வேறொரு இடர் காத்திருந்தது: வீட்டோடு குளிசைப் பையும் கிளினிக் கொப்பியும் போய்விட்ட ஒருவருக்கு, தாம் என்ன மருந்தை எந்தளவில் எடுத்தார் என்பதைச் சொல்லவும் வழியில்லை. ஒரே குளிசை என்பது கொள்வனவிலும் களஞ்சியத்திலும் நினைவிலும் சுமையைக் குறைக்கும். ஆனால் அந்த ஒன்றும் தட்டுப்பட்டால் மூன்றும் ஒருங்கே நின்றுவிடும் என்பதால், அதன் வழங்கல் இன்னும் உறுதியானதாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வாழ்முறையோடு பொருந்துதல். நோன்பு மாதத்திற் பகற்பொழுதில் குளிசை விழுங்கவியலாது. நாளொன்றுக்கு மூன்று வேளை மருந்து எடுப்போர் இம்மாதத்திலே தாமாகவே ஒன்றிரண்டை நிறுத்திவிடுவதுண்டு. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் குளிசையை ஸஹர் வேளையிலோ நோன்பு திறந்த பின்னரோ வைத்திய ஆலோசனையுடன் மாற்றியமைத்துக்கொள்வது எளிது. சிறுநீர்பெருக்கி அடங்கிய குளிசையாயின், நீரின்றி வெயிலில் உழைப்போருக்கு அதன் வேளையும் அளவும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுதல் வேண்டும். இவ்வுரையாடல் நோயாளியின் மொழியில் நிகழாவிடின் பயனில்லை.

மூன்றாவது, தேடிச்செல்லும் சேவை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடத்தப்பட்டது. அரசின் அடிநிலைச் சுகாதார ஊழியர் வீடு சென்று அமுக்கத்தை அளந்து, அறிவூட்டி, வேண்டியோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டாண்டு முடிவில், அவ்வேற்பாடு இல்லாத கிராமங்களிலும் பார்க்க மேலளவு சராசரி 5.2 அலகு கூடுதலாகக் குறைந்தது. தாய்சேய் நலத்திற் குடும்பநல உத்தியோகத்தர் வழி இந்நாடு எய்திய சாதனை உலகறிந்தது. அதே வலையமைப்பு ஐம்பது வயதுத் தந்தையையும் தாயையும் சென்றடையக் கூடாதென்பதற்கு நியாயமில்லை.

கடும் உயர் குருதியமுக்கம் பற்றி இன்னொன்றும் கூறுதல் தகும். அளவு மிக உயர்ந்திருப்பதைக் கண்டவுடன் பதறி, அதனை மணித்தியாலங்களிற் கீழே தள்ள முற்படுவது தவறு. முன்னொரு காலத்தில் நைபெடிப்பின் மாத்திரையுறையைக் குத்தி நாவின்கீழ் விடும் வழக்கம் பரவலாக இருந்தது; அமுக்கம் திடீரென வீழ்ந்து பாரிசவாதமும் மாரடைப்பும் நேர்ந்தமையால், 1990களில் அது வன்மையாகக் கண்டிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வைக் குறைவு, மயக்கம், கைகால் வலுவிழத்தல் ஆகியன இருப்பின் உடனே வைத்தியசாலையிற் சேர்க்கப்படுதல் வேண்டும். அவை இல்லாவிடின், கூட்டு மருந்தின் வழி நாட்களிலும் வாரங்களிலும் அமுக்கத்தைப் படிப்படியாக இறக்குவதே முறை. அயலாரின் குளிசையைக் கடன்வாங்கி விழுங்குவது இவ்விரண்டிலும் சேராது.

முடிவுரை

உலகிற் குருதியமுக்க நோயுடையோரில் ஐவரில் நால்வர் போதிய சிகிச்சை பெறவில்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1967இன் அறிவு 2023இலும் பெரும்பான்மையினரைச் சென்றடையவில்லை என்பதே அதன் பொருள். இடைக்காலத்தில் இரசாயனம் முன்னேறிற்று. மருந்தின் விலை வீழ்ந்தது. கூட்டின் தருக்கமும் ஐயமற நிறுவப்பட்டது. தேங்கி நிற்பது சமூக ஏற்பாடே.

நோயை வெல்லத் தனியொரு மருந்து போதாது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் கூட்டே வேண்டும் என்பதை வைத்தியம் கற்றுக்கொண்டது. வழங்கலும் விலைக் கட்டுப்பாடும் அடிநிலைச் சேவையும் அவ்வாறே ஒன்றையொன்று தாங்கவேண்டியவை. நல்ல குளிசையைத் தொடர்ச்சியற்ற வழங்கல் பயனற்றதாக்கும்; தொடர்ச்சியான வழங்கலையும், வீட்டிலேயே இருந்துவிடும் நோயாளி பயனற்றதாக்குவார். பிபிலே தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதி இம்மூன்றையும் ஒருங்கிணைப்பதிலே தங்கியுள்ளது. அது நிறைவேறுமாயின், சிவன் அமல்பொடி வேரிலிருந்து தொடங்கிய இந்நெடிய வரலாறு, அவ்வேரைத் தந்த மண்ணின் மக்களுக்கே இறுதியிற் பயன்பட்டதாகும்.